தாய்–சேய் நலப் பணிகளும் அரசாங்க மேற்பார்வையும்

சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் முதல் மந்திரிசபை அதிகாரத்தில் இருந்து, டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாக விளங்கிய காலத்தில் நிறைவேறிய 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது என்று பாராட்டப்படுவது வழக்கம். அந்த முதன்மையைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்வது அச்சட்டத்தின் உள்ளமைப்பு. பிரசவிக்கும் தாய்மாருக்கும் பிறக்கும் சிசுக்களுக்கும் வேண்டிய உதவிகளைச் செய்வது நகரசபைகளின் தர்ம சிந்தனையைப் பொறுத்த விஷயம் என்று அதுவரை பெரும்பாலும் கருதப்பட்டு வந்திருக்க, அவற்றைச் செய்தே தீர வேண்டும் என்று ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கட்டாயமாக விதித்து, சுகாதாரச் செலவுக்கென்று அவற்றின் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கவும் ஏற்பாடு செய்து, இவை ஒழுங்காக நடைபெறுகின்றனவா என்று கவனிக்கும் பொறுப்பைப் பொதுச் சுகாதார டைரக்டரிடமும் அவருக்குக் கீழ்ப்பட்ட உத்தியோகஸ்தர்களிடமும் அச்சட்டம் ஒப்படைத்தது. நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியர்கள் ஓர் இலாகா, சிகிச்சையில் தலையிடாமல் ஊரின் சுகாதாரத்தையே கவனித்துக் கொண்டிருக்கும் வைத்தியர்கள் மற்றோர் இலாகா என்று பிரித்து வைத்த அந்தப் பழைய ஏற்பாட்டை, சுதந்திரத்துக்குப் பிறகு பெரும்பாலான ராஜ்யங்கள் செலவுச் சிக்கனம் கருதியோ நிர்வாகச் சௌகரியம் கருதியோ கலைத்து ஒன்றாக்கிவிட்டன, தமிழ்நாடு கலைக்கவில்லை. பிற்காலத்தில் இந்த ராஜ்யத்தில் தாய்–சேய் நலம் அடைந்த முன்னேற்றத்துக்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டாலும், பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு வைத்திய வர்க்கம் இடையறாமல் இருந்து வந்தது அவற்றுள் முக்கியமான ஒன்று என்பதை ஆராய்ந்தவர்கள் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆயினும் பார்ப்பதற்கு ஆட்கள் இருப்பதனாலேயே மேற்பார்வை நடந்துவிடுகிறது என்று கொள்வதற்கில்லை. ஆய்வாளர்களை நியமிப்பதும், படிவங்களை அச்சிடுவதும், மாதந்தோறும் கூட்டங்கள் கூட்டுவதும் எந்த அரசாங்கத்துக்கும் எளிதில் கைவரக்கூடிய காரியங்கள். மேலதிகாரி எத்தனை கேள்வி கேட்கிறார் என்பதை விட, கிராமத்தில் இருக்கும் கடைசிச் செவிலி எழுதும் கெட்ட செய்தி சேதப்படாமல் எவ்வளவு தூரம் மேலே போய்ச் சேருகிறது என்பதே மேற்பார்வையின் தரத்தை நிர்ணயிக்கிறது என்பது என் அபிப்பிராயம். சென்ற எண்பது ஆண்டுகளின் அனுபவத்தை இந்த ஒரு நோக்கிலிருந்து பரிசீலிப்பதே இக்கட்டுரையின் முயற்சி.

1946-இல் வெளிவந்த, போர் என்பவர் தலைமையில் அமைந்த சுகாதாரக் கமிட்டியின் அறிக்கை, ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் ஸ்தாபனத்தைக் கிராம வைத்திய அமைப்பின் அஸ்திவாரமாக வைத்தது. அக்கமிட்டியில் அங்கம் வகித்தவரும், பின்னர் 1961-இல் மற்றொரு கமிட்டிக்குத் தாமே தலைமை வகித்து அந்த அமைப்பின் குறைகளை எடுத்துக் கூறியவருமான டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், அதற்கெல்லாம் முன்பே, 1930-களில், சென்னை நகரத்தில் பிரசவத்தின்போது நேர்ந்த மரணங்களின் காரணங்களை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தார் என்பது இன்று பலர் மறந்துபோன செய்தி. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு நில்லாமல், ஒவ்வொருத்தியும் எதனால் இறந்தாள் என்று கேட்கும் அந்தப் பழக்கம் அவ்வளவு காலத்துக்கு முன்பே இங்கு விதைக்கப்பட்டிருந்தும், அது முளைத்து மேலே வருவதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

இடைக்காலத்தில் எழுந்தது ஒரு நீண்ட ஏணி. ஐயாயிரம் ஜனங்களுக்கு, மலைப் பிரதேசமாயின் மூவாயிரம் ஜனங்களுக்கு, ஒரு துணை சுகாதார நிலையம். அதில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். அவருக்கு மேல் பகுதி சுகாதாரச் செவிலியர். அவருக்கு மேல் சமுதாய சுகாதாரச் செவிலியர். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர், சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர், கடைசியில் சென்னையில் இயக்குநர். கர்ப்பிணிகளின் பதிவேடு, குழந்தைகளின் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, தகுதியுள்ள தம்பதிகளின் பதிவேடு, மருந்து இருப்புப் பதிவேடு என்று அந்தச் செவிலியர் ஒருவர் கையால் எழுத வேண்டியிருந்த ஏடுகளை அடுக்கிப் பார்த்தவர்களுக்கு, ஊசி போடுவதற்கும் வீடு வீடாக நடப்பதற்கும் அவருக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது என்ற ஆச்சரியம் ஏற்படாமல் இராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் சுகாதார இலாகாவைப் பொறுத்தவரையில், ஏட்டில் இல்லாத சுரைக்காயைக் கறிக்கு வாங்கப் பணம் கிடைக்காது என்பதும் உண்மையாகையால், ஏட்டை இகழ்ந்து விடவும் இயலாது.

இந்த ஏணி எப்படிப் பழுதுபட்டது என்பதற்குக் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தின் சரித்திரம் போதும். இத்தனை அறுவைச் சிகிச்சை, இத்தனை வளையம் என்று டில்லியில் நிர்ணயித்த தொகை ராஜ்யங்களுக்குப் பங்கிடப்பட்டு, ராஜ்யத்திலிருந்து ஜில்லாவுக்கும், ஜில்லாவிலிருந்து வட்டாரத்துக்கும், அங்கிருந்து செவிலியின் பெயருக்கும் இறங்கி வந்தது. நெருக்கடி நிலைக் காலமான 1976–77-ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடத்தப்பட்டன. அவற்றுள் எத்தனை மனம் ஒப்பிச் செய்து கொள்ளப்பட்டவை என்பதற்கு அடுத்த தேர்தலில் வட இந்திய மக்கள் பதில் அளித்தார்கள். பலாத்காரம் மட்டும் அந்த முறையின் தீமை என்று நினைப்பது போதாது. இலக்கை எட்டாதவருக்குச் சம்பளம் நிறுத்தப்படும் அல்லது வேற்றூருக்கு மாற்றல் வரும் என்ற நிலை ஏற்பட்ட பிறகு, ஏட்டில் எண்ணிக்கை எட்டிவிடுகிறது. மேற்பார்வையாளர் அதைச் சரிபார்க்கப் போனால் தம் வட்டாரத்தின் இலக்கும் குறைந்துவிடும் ஆகையால், அவரும் பாராததுபோல் இருந்துவிடுகிறார். இவ்வாறு ஏணியின் ஒவ்வொரு படியும் கீழ்ப்படியின் பொய்யைக் காப்பாற்றும் நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகிறது. 1996 ஏப்ரல் முதல் மத்திய அரசாங்கம் அந்த இலக்கு முறையை நாடு முழுவதும் கைவிட்டது. ஒரு முறையைக் கைவிடுவதற்கு ஓர் உத்தரவு போதும். அம்முறையால் வளர்ந்த பழக்கத்தைக் கைவிடச் செய்வதற்கு எந்த உத்தரவும் போதவில்லை என்பதைத் தடுப்பூசிக் கணக்குகளைப் பற்றிக் கூறும்போது காண்போம்.

தன் ஏட்டைத் தானே நம்பாத ஓர் அரசாங்கம் என்ன செய்யும்? இக்கேள்விக்கு மிக நேர்த்தியான விடை கண்டவர்களில் ஒருவர் சி. சந்திரசேகரன் என்னும் புள்ளியியல் அறிஞர். கல்கத்தாவில் இருந்த அகில இந்திய சுகாதார ஸ்தாபனத்தில் பணியாற்றிய அவர், 1947-இல் சிங்கூர் என்னும் வங்காளப் பிரதேசத்தில், பிறப்பு இறப்புகளை அங்குள்ள பதிவாளர் எழுதிய கணக்கையும், வீடு வீடாகச் சென்று விசாரித்தவர்கள் தனியே எழுதிய கணக்கையும் பெயர் பெயராக ஒப்பிட்டு, இருவர் ஏட்டிலும் விட்டுப்போனவை எத்தனை இருக்கலாம் என்பதைக்கூட மதிப்பிடும் முறை ஒன்றை வகுத்தார். எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்க அறிஞருடன் சேர்ந்து அவர் 1949-இல் அதைப் பிரசுரித்தார். பிற்காலத்தில் நம் நாட்டில் ஏற்பட்ட மாதிரிப் பதிவுத் திட்டம் இந்தத் தத்துவத்தையே தழுவியது: கிராமத்தில் ஒருவர் ஆண்டு முழுவதும் பிறப்பு இறப்புகளை எழுதி வருகிறார், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மற்றொருவர் அந்த ஏட்டைப் பாராமலே தாமே விசாரித்து எழுதுகிறார், இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மீண்டும் நேரில் போய்த் தீர்மானிக்கிறார்கள். எழுதியவரைத் தண்டிப்பது அதன் நோக்கமன்று. விட்டுப்போனதை அறிவதே நோக்கம். தமிழ்நாட்டில் 1971-இல் ஆயிரத்துக்கு 113 ஆக இருந்த சிசு மரணம், 2020-இல் 13 ஆகக் குறைந்தது என்று நாம் தைரியமாகச் சொல்ல முடிவது, சுகாதார இலாகாவின் சொந்த ஏட்டை வைத்தன்று. அந்த இலாகாவுக்குக் கட்டுப்படாத இந்தத் திட்டத்தை வைத்தே.

ஆனால் இலாகாவின் சொந்த ஏடும் உண்மை பேசிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது அதிகம் அறியப்படாதது ஆகையால் சற்று விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. சேலம், தருமபுரி, மதுரை ஜில்லாக்களின் சில பகுதிகளில் பெண் சிசுக்களைப் பிறந்த சில நாட்களுக்குள் கொன்றுவிடும் கொடிய வழக்கம் இருந்தது 1980-களின் நடுவில் பத்திரிகைகள் மூலம் வெளியாயிற்று. வேண்டாத பெண் சிசுக்களை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வகைசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. இச்சமயத்தில், இத்தகைய மரணங்களை ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஏடுகளில் சமூகக் காரணங்களால் நேர்ந்தவை என்ற தலைப்பின்கீழ் கிராமச் செவிலியர்கள் பதிந்து வந்தார்கள். போலீஸாருக்கு எழுதப்படும் புகாராக இருந்திருந்தால் அவர்களுள் ஒருவரும் பேனாவைத் தொட்டிருக்க மாட்டார். தாம் நாளை மீண்டும் நுழைய வேண்டிய வீட்டின் மேல் கொலைக் குற்றம் சாட்டி எழுத யாரால் முடியும்? ஜுரம் என்றோ, மூச்சுத் திணறல் என்றோ எழுதும்படி அவர்களை யாரும் நிர்ப்பந்திக்கவும் இல்லை. 1995-ஆம் ஆண்டின் அந்த ஏடுகளைத் தொகுத்து, ஷீலா ராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் வெ. பா. ஆத்ரேயா என்ற பொருளாதார அறிஞரும் 1997-இல் எழுதிய கட்டுரை, பெண் சிசுக் கொலை எந்தெந்த வட்டாரங்களில் எவ்வளவு பரவியிருந்தது என்பதை முதன்முறையாக எண்களோடு புலப்படுத்தியது. பிறகு தருமபுரியில் கலைப் பயணங்களும் பிரசாரமும் நடைபெற்றதற்கு அந்த எண்களே ஆதாரமாயின. ஓர் அரசாங்கம் தன் ஆட்சியின் கீழ் நடக்கும் வெட்கக்கேடான காரியத்தைத் தன் ஊழியர் கையெழுத்திலேயே ஏற்றுக்கொண்டது என்பது சாமானிய விஷயமன்று. பாராட்டுப் பத்திரம் வழங்குவதானால் அந்தச் செவிலியர்களுக்கே நான் முதலில் வழங்குவேன்.

அதே காலத்தில் தொடங்கியதுதான் தாய்மரண ஆய்வு. 1994 முதல் தமிழ்நாட்டில் பிரசவம் சம்பந்தமான மரணங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கும் வழக்கம் ஏற்பட்டு, 2004-இல் அது கண்டிப்பான விதிமுறை ஆயிற்று. கர்ப்ப காலத்திலோ, பிரசவத்திலோ, பிரசவித்த 42 நாட்களுக்குள்ளோ ஒரு பெண் இறந்தால், அரசாங்க மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், வீடாயினும் வழியில் வாகனமாயினும், 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குச் செய்தி போக வேண்டும். வைத்தியர் ஒருவர் இறந்தவளுடைய வீட்டுக்குச் சென்று, வலி கண்டது எப்போது, யார் முதலில் பார்த்தார்கள், எங்கே அழைத்துப் போனார்கள், அங்கிருந்து எங்கே அனுப்பினார்கள், இரத்தம் கிடைத்ததா என்று வரிசையாக விசாரித்து எழுத வேண்டும். மருத்துவமனையில் நடந்ததைத் தனியே ஆராய வேண்டும். பின்பு ஜில்லா கலெக்டர் தலைமையில், சம்பந்தப்பட்ட வைத்தியர்களையும் இறந்தவளின் உறவினர்களையும் வரவழைத்து விசாரிக்க வேண்டும். கணவனோ தாயோ ஓர் உயர்ந்த அதிகாரியின் முன் உட்கார்ந்து, எங்களை மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு அலைக்கழித்தார்கள் என்று சொல்லவும், அதை எதிரில் இருக்கும் வைத்தியர் கேட்டே ஆக வேண்டிய நிலை ஏற்படவும் செய்த ஏற்பாடு, நம் நிர்வாக சரித்திரத்தில் அபூர்வமானது.

இவ்விசாரணைகள் தந்த பயன் என்ன என்று கேட்டால், அவை வைத்தியர்களின் குற்றங்களைக் காட்டியதை விட அமைப்பின் ஓட்டைகளைக் காட்டின என்று சொல்ல வேண்டும். பிரசவித்த பின் பெருகும் இரத்தப்போக்கு, கர்ப்ப காலத்தில் ஏறும் இரத்த அழுத்தம், கிருமித் தொற்று ஆகிய பழகிய காரணங்களே திரும்பத் திரும்ப வந்தன. ஆனால் அவற்றோடு, இரவில் மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லாமை, இரத்த வங்கி தொலைவில் இருந்தமை, வாகனம் தாமதித்தமை, ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து மற்றொன்றுக்கு முன்னறிவிப்பு இன்றி அனுப்பியமை ஆகிய காரணங்களும் ஜில்லாதோறும் ஒரே மாதிரியாக வெளிப்பட்டன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை நியமித்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கச் செய்தது, ஜில்லாதோறும் அவசரப் பிரசவ மற்றும் பச்சிளங்குழந்தை மையங்களை ஏற்படுத்தியது, 2008-இல் 108 வாகனம் வந்தது ஆகியவை இவ்விசாரணைகளின் பின்னணியில் நிகழ்ந்தவை. 2001–03-இல் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 134 ஆக இருந்த தாய்மரணம் 2018–20-இல் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் தேசத்தின் சராசரி 301-லிருந்து 97-க்கு இறங்கியது. தேசம் இறங்கிய வேகம் அதிகம் என்று புள்ளி விவரம் பார்ப்பவர் சொல்லலாம்; மேட்டிலிருந்து இறங்குவதற்கும், ஏற்கெனவே தாழ்ந்த இடத்திலிருந்து மேலும் இறங்குவதற்கும் உள்ள பேதத்தை அவர் மறந்துவிடக் கூடாது.

இந்த விசாரணை முறையிலும் அபாயம் உண்டு. கலெக்டர் முன்னிலையில் நடக்கும் விசாரணை, அதை நடத்துபவரின் சுபாவத்தைப் பொறுத்து, பாடம் கற்கும் கூட்டமாகவும் அமையலாம், கண்டனக் கூட்டமாகவும் மாறலாம். கண்டனத்துக்கு அஞ்சும் ஆஸ்பத்திரி, உயிர் ஊசலாடும் நிலையில் வரும் பெண்ணைத் தன் கட்டிலில் இறக்க விடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறது. அவள் வழியிலே இறந்தாலும் அந்த மரணம் தன் கணக்கில் சேராது. இந்த ஆபத்தை உணர்ந்தே இங்கிலாந்தில் 1952 முதல் நடைபெற்று வரும் விசாரணையில் பெயர்களை நீக்கி, ரகசியமாக ஆராய்ந்து, பாடங்களை மட்டும் பிரசுரிக்கும் முறையைக் கையாண்டார்கள். 2004-இல் கேரளத்து மகப்பேறு வைத்தியர் சங்கத்தாரும் அம்முறையைப் பின்பற்றி ஒரு விசாரணையைத் தொடங்கினார்கள். இரண்டு முறைகளையும் ஒருங்கே அனுசரிக்க முடியுமா என்பதற்கு இலங்கை நல்ல திருஷ்டாந்தம். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த அந்நாட்டு அமைப்பில், சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் ஒவ்வொரு குறிப்பிட்ட பிரதேசத்துக்கும் பொறுப்பான மருத்துவமாது, கர்ப்பிணிகளை வீட்டிலேயே சென்று பார்த்துவருகிறார். 1985 முதல் தாய்மரணம் கட்டாயம் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மரணத்தையும் குடும்ப சுகாதாரப் பணியகத்தாரும் மகப்பேறு நிபுணர்களும் மாவட்டம் தோறும் கூடி ஆராய்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் யுத்த காலத்திலும் மருத்துவமாதர் தம் பகுதிகளைக் கைவிடாமல் பணி செய்த சரித்திரம் தனியே எழுதப்பட வேண்டியது. அந்நாடு தாய்மரணத்தைக் குறைப்பதில் நம்மிலும் முந்தியிருப்பதற்கு, விசாரிக்கப்படுபவரும் விசாரணையில் பங்குகொள்ளும் இந்தப் பழக்கம் ஒரு முக்கியமான காரணமென்று கருதுகிறேன்.

குழந்தைகளின் போஷாக்கு விஷயம் வேறு மாதிரியானது. மரணம் ஒரு நாளில் நிகழ்வது. மெலிவு மாதக்கணக்கில் நிகழ்வது. 1980-இல் மதுரை ஜில்லாவில், உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த போஷாக்குத் திட்டம், ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் உணவு கொடுத்து, ஏறியதும் நிறுத்திவிடும் முறையைக் கையாண்டது. பத்துப் பணியாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற விகிதமும், செய்ய வேண்டிய வேலைகள் சிலவே என்ற தெளிவும் அதன் வெற்றிக்குக் காரணங்கள். மேற்பார்வையாளர் கேள்வி கேட்க வருபவராக மட்டும் இல்லாமல், கூட உட்கார்ந்து எடை நிறுக்கக் கற்றுக் கொடுப்பவராகவும் இருந்தார். அதே காலத்தில், 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய மத்திய அரசாங்கத்தின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், ஒரே பணியாளரின் தலையில் உணவு, கல்வி, எடை, தடுப்பூசிக்கு ஆள் சேர்த்தல் என்று பல பாரங்களை ஏற்றிவிட்டது. முடிவில் முன்னது பின்னதில் கலந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தைப் பற்றி இங்கு விரிக்க வேண்டியதில்லை. அதன் மேற்பார்வை, ஊர் முழுவதும் பார்க்கும்படி மத்தியான வேளையில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்பதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு: குழந்தையின் எடை சமூக நலத் துறையின் ஏட்டில் இருக்கிறது, அதன் நோய் மக்கள் நல்வாழ்வுத் துறையின் ஏட்டில் இருக்கிறது, இரண்டு ஏடுகளும் சந்திப்பது, செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் சிநேகிதர்களாக இருக்கும் ஊர்களில்தான்.

இலாகாவுக்கு வெளியே நின்று பார்ப்பவர்கள் இருவர்: கணக்குத் தணிக்கையாளரும் நீதிமன்றமும். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2006–07 முதல் 2010–11 வரையிலான குழந்தை வளர்ச்சித் திட்டத்தை ஆராய்ந்து பாராளுமன்றத்தில் வைத்த அறிக்கை, கழிப்பிடம் இல்லாத மையங்களையும், குடிநீர் இல்லாத மையங்களையும், எடைக்கருவி இல்லாமலே எடை பார்த்து வந்த மையங்களையும் எடுத்துக் காட்டியது. தணிக்கையின் நேர்மையில் குறையில்லை. அது வருவதற்குள் மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்து, அக்குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருப்பார்கள் என்பதே குறை. நீதிமன்றத்தின் கை அதைவிட நீளமானது. உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் இட்ட உத்தரவு, ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி வேண்டும் என்றது. உத்தரவு நடைபெறுகிறதா என்று பார்க்கத் தனியே ஆணையர்களையும் நீதிமன்றம் பின்னர் நியமித்தது. 2006-இல் நாடெங்கும் 14 லட்சம் மையங்கள் வேண்டுமென்று தொகையையே குறிப்பிட்டது. ஆனால் எழுதி வைத்த செய்தியை யாரும் வாசிக்காமல் விடும்போது நீதிமன்றமும் நஷ்ட ஈடு மட்டுமே வழங்க முடியும். 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. இரத்தம் கொடுத்தவரிடம் அக்கிருமி இருப்பது 2016-இலேயே ஒரு முகாமில் கண்டறியப்பட்டிருந்தும், செய்தி அவரைப் போய்ச் சேரவில்லை. ஏட்டில் இருந்தது, பார்ப்பார் இல்லை.

தடுப்பூசியின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தப் பரிதாபத்துக்குப் பிறகு, வைத்தியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டுமே ஊசி போடுவது என்று அரசாங்கம் முடிவு செய்தது. அத்தருணத்தில் வேறு விதமாக முடிவு செய்ய எந்த மந்திரிக்கும் துணிவு வந்திராது. கிராமத்தில் செவிலியர் போட்டு வந்த ஊசிக்காக, கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறித் தாய்மார் வர வேண்டியதாயிற்று. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2005–06-இல் 80.9 சதவிகிதமாக இருந்த முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விகிதம், 2015–16-இல் 69.7 ஆகக் குறைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இலாகாவின் மாதாந்தரக் கணக்குகள் இத்தகைய சரிவைக் காட்டியிருந்தால், அதை அறிய ஆய்வு வரும்வரை காத்திருக்க நேர்ந்திராது. தாயின் ஞாபகத்தையும் அட்டையையும் நம்பி எழுதும் ஆய்விலும் பிழை நேரலாம். அட்டையைத் தொலைத்தவர்கள் எல்லாரும் ஊசியைத் தவறவிட்டவர்கள் அல்லர். அவ்வளவையும் கழித்தாலும், பழைய இலக்குக் காலத்தில் கற்ற எழுத்துப் பழக்கம் ஏடுகளை விட்டு நீங்கவில்லை என்ற சந்தேகம் எஞ்சுகிறது. ஊசி மறுபடியும் கிராமங்களுக்குச் சென்றது. 2019–21-இன் ஆய்வில் விகிதம் 89.2-க்கு உயர்ந்தது.

இப்போது ஏடுகள் கணினிக்குள் போய்விட்டன. கர்ப்பம் தரித்தது முதல் குழந்தைக்குத் தடுப்பூசி முடியும் வரை ஒவ்வொரு தாயையும் ஓர் எண்ணால் பின்தொடரும் பதிவு முறை நடைமுறையில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987-இல் 300 ரூபாயோடு தொடங்கி இன்று 18,000 ரூபாய் அளவுக்கு வளர்ந்த மகப்பேறு உதவியும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் அந்த எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. பதிவு செய்தவளுக்குப் பணமும் சான்றிதழும் கிடைக்கும் ஏற்பாடு என்பதால் பதிவுகள் நிறைந்து வழிகின்றன. பகலில் ஊருக்குள் நடந்து, இரவில் கணினியில் எழுதும் வேலை ஒரே செவிலியின் தலையில் விழுவதைக் குறித்து அவர்களுடைய சங்கங்கள் பல முறை முறையிட்டிருக்கின்றன. அது நியாயமான முறையீடு. மேலிருந்து உடனுக்குடன் பார்க்க முடிகிறது என்ற சந்தோஷத்தில், பார்த்ததைக் கீழே திரும்பச் சொல்ல வேண்டும் என்பது மறந்துவிடுகிறது. தன் துணை நிலையத்தில் எடை குறைந்து பிறந்த குழந்தைகள் எத்தனை என்று கேட்டால், தான் எழுதிக் கொடுத்த அந்தத் தொகையைச் செவிலி இலாகாவிடமிருந்து திரும்பப் பெற வழியில்லாத அமைப்பு, எவ்வளவு விலையுயர்ந்த கணினியில் இயங்கினாலும், பழைய ஏட்டுக்கு ஒரு படி கீழானதே.

எதை எண்ணுகிறோமோ அது மேம்படுகிறது. எண்ணாதது எங்கேயோ ஒதுங்கி நிற்கிறது. 2019–21-இன் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதே ஆய்வில், கர்ப்பிணிகளில் 48.3 சதவிகிதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது; முந்திய ஆய்வில் அது 44.4. மாத்திரை கொடுத்த கணக்கு ஏட்டில் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டாளா, வயிற்றைப் புரட்டி நிறுத்திவிட்டாளா, கொக்கிப்புழு இருந்ததா, முதல் பிரசவத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே எத்தனை மாதம் என்பன ஏட்டில் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதும் அவ்விதமே. தாய்மரணத்துக்குச் செய்ததுபோல, கடுமையான இரத்தசோகையோடு பிரசவ அறைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணையும், அவளுக்கு ஆபத்து எதுவும் நேராவிட்டாலும், பின்னோக்கி விசாரித்து, எந்த மாதத்தில் எந்தப் படியில் தவறியது என்று எழுதும் வழக்கம் வர வேண்டும்.

அறுவைப் பிரசவத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அதே 2019–21-இன் ஆய்வின்படி நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் அறுவை மூலம் நடக்கின்றன; அரசாங்க மருத்துவமனைகளில் 36.0, தனியாரிடம் 63.8. தாய் இறந்தால் ஏனென்று கேட்கும் ஆய்வு, தாய் பிழைத்துக் கொண்டால், தேவையில்லாத அறுவையாயினும் கேட்பதில்லை. மரணத்துக்கு அஞ்சும் வைத்தியர் கத்தியை எடுப்பது இந்த வகையில் மேற்பார்வையின் விளைவே என்றுகூடச் சொல்லலாம். பிரசவங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தனியாரிடம் நடக்கும் ராஜ்யத்தில், தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இலேயே இயற்றப்பட்டும், அதற்கான விதிகள் வெளிவர 2018 ஆயிற்று. ராப்சன் என்ற டப்ளின் நகரத்து வைத்தியர் வகுத்ததும், உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் எல்லா நாடுகளுக்கும் சிபாரிசு செய்ததுமான பத்துப் பிரிவு முறையில், பிரசவிக்க வரும் ஒவ்வொரு பெண்ணையும், முதல் பிரசவமா, முன்பு அறுவை நடந்ததா, சிசு எவ்வாறு கிடக்கிறது, வலி தானாக வந்ததா என்ற சில கேள்விகளாலேயே வகைப்படுத்தி, எந்தப் பிரிவில் அறுவை அதிகம் என்று ஆஸ்பத்திரிவாரியாக ஒப்பிட்டுவிடலாம். அரசாங்க மருத்துவமனைகளில் இதைக் கட்டாயமாக்க ஓர் உத்தரவு போதும். தனியாருக்கு, அந்த 2018-ஆம் ஆண்டு விதிகளோடு ஒரு படிவத்தைச் சேர்க்க வேண்டும்.